பாளையங்கோட்டை நோட்டும் டல்லாஸ் லேப்டாப்பும்

எங்கள் டல்லாஸ் வட்டாரத் தமிழ் நண்பர்களில் மூன்று பேர் போன குளிர்காலத்தில் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதினார்கள். 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். மூவருமே ஐ.டி. ஆட்கள். கேள்வித் தொகுப்பு முழுவதும் பொதுவில் கிடைக்கிறது என்பதால் ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டுப் போய் எழுதினார்கள். கால்சைன் கைக்கு வந்த அன்றே வாட்ஸ்அப்பில் முதல் கேள்வி: "மச்சி, எந்த லாகிங் சாஃப்ட்வேர் போடுறது?"

என்ன ரேடியோ வாங்கலாம், ஆன்டெனாவை எங்கே கட்டலாம் என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். லாக் பற்றிய கேள்விக்கு மட்டும் என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் கொஞ்சம் பெரிய கதை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: ஹாம் ரேடியோ என்பது அரசு உரிமம் பெற்ற தனிநபர்கள், இன்டர்நெட்டோ செல்போன் டவரோ இல்லாமல், நேரடியாக வானலையில் பேசிக்கொள்வது. மைக்கில் பேசலாம், மோர்ஸ் தட்டலாம், கணினி வழியாகவும் அனுப்பலாம். ஒவ்வொரு தொடர்பும் முடிந்ததும் தேதி, நேரம், எதிர்முனையின் கால்சைன், அலைவரிசை, முறை, சிக்னல் எப்படி இருந்தது என்று குறித்துவைப்போம். அதுதான் லாக். இந்திய அமெச்சூர் சேவை விதிகள் லாக் எழுதச் சொல்கின்றன. அமெரிக்காவில் சாதாரணத் தொடர்புகளுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் எழுதாத ஹாமை நான் பார்த்ததில்லை. நூறு நாடுகளைத் தொட்டால் ஒரு விருது, ஐம்பது மாநிலங்களைத் தொட்டால் இன்னொன்று என்று எல்லாவற்றுக்கும் லாக்தான் ஆதாரம். விருது ஆசை இல்லாதவர்களுக்கு அது டைரி.

2022 அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை, 20 மீட்டர் பேண்டில் மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தேன். மெலிதாக, ஆனால் அவ்வளவு சுத்தமான கையில், வி.யு. என்று தொடங்கும் இந்திய கால்சைன் ஒன்று என்னைக் கூப்பிட்டது. வழக்கப்படி பெயரையும் ஊரையும் அனுப்பினேன். பெயரைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு நொடி அமைதி. பிறகு மெதுவாக, ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொன்றாக வந்தது: வ-ண-க்-க-ம்.

பாளையங்கோட்டைக்காரர். தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடிவிட்டார்கள்; சார் கை மட்டும் நிற்கவில்லை. அதன்பின் மாதத்துக்கு ஒருமுறையாவது, காற்று ஒத்துழைத்தால், சந்தித்துக்கொள்வோம். எனக்கு ஞாயிறு மாலை ஏழரை என்றால் அவருக்குத் திங்கள் காலை ஆறு. முடிந்ததும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும்: "என்ன தம்பி, இன்னைக்கு உங்க சிக்னல் கொஞ்சம் மெலிஞ்சுபோச்சு. லாக்ல ஏத்திட்டியளா?"

ஏற்றிவிட்டேன் என்பேன். உண்மையாகத்தான்.

நான் அப்போது பயன்படுத்தியது பார்க்க மிக அழகான ஒரு மென்பொருள். பெயர் வேண்டாம். உலக வரைபடத்தில் டல்லாஸிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு வளைகோடு போடும். நிறம் மாற்றலாம். ரேடியோவிலிருந்து அலைவரிசையைத் தானே படித்துக்கொள்ளும். தினமும் பேக்கப் எடுத்து என் கிளவுட் ஃபோல்டரில் போடும். அதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

2024 ஜனவரியில் லேப்டாப்பின் எஸ்எஸ்டி செத்துப்போனது. பேக்கப் இருக்கிறதே என்று கவலையில்லாமல் புது லேப்டாப்பில் அதே மென்பொருளை நிறுவினேன். ஆக்டிவேஷன் கேட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய சர்வர் பேசவில்லை. அதைச் செய்தவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். ஆக்டிவேஷன் இல்லாமல் பேக்கப்பைத் திறக்காது. கோப்பை வேறு கருவிகளில் திறந்து பார்த்தால் குறியாக்கம் செய்த குப்பை.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆபீசில் நான் பார்க்கிற வேலையே டேட்டாபேஸ். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்லாதே என்று ஜூனியர் பசங்களிடம் வாரம் ஒருமுறை சொல்கிறவன். சொந்த லாகை ஒருதடவைகூட ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை.

முழுவதும் போகவில்லை. எஃப்டி8 என்று ஒரு முறை உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் சேர்ந்து 2017-ல் கொண்டுவந்தது. மிக மெலிந்த சிக்னலையும் கணினி பிடித்துவிடும். மனிதர்கள் பேசிக்கொள்வது ஒன்றுமில்லை. அதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் தன் பங்குக்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எல்லாத் தொடர்புகளையும் எழுதிக்கொண்டே போகும். அதன் பிரதி தற்செயலாக ஒரு பென் டிரைவில் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் தொடர்புகள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தன. யாரென்றே தெரியாத, ஒரு வார்த்தை பேசாத ஆயிரம் பேர். மோர்ஸில் தட்டியதும் மைக்கில் பேசியதும் போயே போய்விட்டன. சாருடன் பேசிய அத்தனையும் அதில் அடக்கம்.

அவரிடம் சொன்னேன். சிரித்தார். "போனா போவுது தம்பி, என் நோட்டுல இருக்கு." ஊருக்கு வரும்போது நேரில் வந்து எழுதிக்கொள்கிறேன் என்றேன். அந்த ஜூன் மாதமே அவர் காலமாகிவிட்டார்.

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். மென்பொருளை நிறுவியதும் வரைபடத்தைப் பார்க்காதீர்கள். பத்து தொடர்புகளைப் பொய்யாக ஏற்றுங்கள். அவற்றை ஏடிஐஎஃப் வடிவில் வெளியே எடுத்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு மென்பொருளில் போட்டுப் பாருங்கள். பத்தும் குறையில்லாமல் வந்தால் மட்டும் மேலே பேசலாம். ஏடிஐஎஃப் என்பது 1990-களிலிருந்து ஹாம்கள் லாக்குகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம். நோட்பேடில் திறந்து கண்ணால் படிக்கலாம்: விவரத்தின் பெயர், அது எத்தனை எழுத்து நீளம், பிறகு அந்த விவரம். அவ்வளவுதான். வெளியே எடுக்கத் தனிக் காசு கேட்கும் மென்பொருளை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்தது நேரம். லாக் என்பது யுடிசி நேரத்தில்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். டெக்சஸில் கோடைக்காலத்தில் மாலை ஏழு மணிக்கே யுடிசியில் மறுநாள் பிறந்துவிடும். லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு என்று அமெரிக்க ரேடியோ ரிலே லீக் 2003 முதல் நடத்தும் சேவை இருக்கிறது. இரண்டு பேரும் தத்தம் லாகை ஏற்றினால், பேண்டும் முறையும் ஒத்துப்போய் நேரமும் 30 நிமிட இடைவெளிக்குள் இருந்தால், தொடர்பு உறுதி என்று அது ஒத்துக்கொள்ளும். கணினிக் கடிகாரத்தை அப்படியே லாகில் போடும் மென்பொருளாக இருந்தால் ஒன்றும் ஒத்துப்போகாது. பூங்காக்களிலிருந்து ஒலிபரப்பும் 'பார்க்ஸ் ஆன் தி ஏர்' விளையாட்டிலும் இதே கதை. ஒரு யுடிசி நாளுக்குள் பத்து தொடர்பு வேண்டும். ஆறேமுக்காலுக்குப் பூங்காவில் உட்கார்ந்து, ஏழுக்குள் ஆறு, ஏழுக்குப் பிறகு ஆறு என்று பன்னிரண்டு பேரைப் பிடித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

சரி, பெயர்கள். விண்டோஸ் வைத்திருந்தால் லாக்4ஓஎம் இலவசம், தினசரிப் பயன்பாட்டுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு வசதி. டிஎக்ஸ்லேப் சூட்டும் இலவசம்தான். தனித்தனி நிரல்களாக இருப்பதால் முதல் வாரம் தலை சுற்றும், பழகியவர்கள் விடமாட்டார்கள். காசு கொடுத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்க நினைப்பவர்கள் ஹாம் ரேடியோ டீலக்ஸ் பக்கம் போவார்கள். போட்டிகளுக்கு என்1எம்எம் லாகர் பிளஸ். கைகள் கீபோர்டை விட்டு எழாமல் ஒரு மணி நேரத்தில் நூறு பேரை ஏற்றலாம்; ஆனால் அதையே வருடம் முழுக்க டைரியாக வைத்துக்கொள்வது கல்யாண சமையல் அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுவது மாதிரி. போட்டி முடிந்ததும் ஏடிஐஎஃப் எடுத்து முதன்மை லாகில் சேர்த்துவிடுங்கள். லினக்ஸுக்கு சிக்யூஆர்லாக், மேக்குக்கு ரம்லாக். பூங்காவுக்குப் போகும்போது போனில் ஹாம்ஆர்எஸ்.

நான் இப்போது வைத்திருப்பது வேவ்லாக். திறந்த மூல நிரல், பிரவுசரில் ஓடுவது. வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் போட்டிருக்கிறேன். கீழே இருப்பது சாதாரண டேட்டாபேஸ்தான். நிரலை எழுதியவர்கள் நாளைக்கே நிறுத்தினாலும் உள்ளே கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சர்வர் பராமரிப்பது என்றால் இன்னொரு ஆபீஸ் வேலை. என் மனைவிக்கு ஏற்கெனவே இதில் அபிப்பிராயம் உண்டு.

"எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டா போதாதா?" என்று மூவரில் ஒருவன் கேட்டான். ஏற்று, தப்பில்லை. நான் மோர்ஸ் தொடர்புகளை அப்புறம் ஏற்றலாம் என்று விட்டதால்தான் இவ்வளவு பாடு. ஆனால் 2024 மே மாத நடுவில் அமெரிக்க ரேடியோ ரிலே லீக்கின் கணினிகள் சைபர் தாக்குதலுக்கு ஆளாயின. லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு சேவை ஜூலை 1 அன்றுதான் திரும்ப வந்தது. ஏற்றியிருந்த தரவுகள் பத்திரமாக இருந்தன. அந்த ஆறேழு வாரம் தன் லாக் தன்னிடம் இருந்தவர்கள் நிம்மதியாக ரேடியோவைப் போட்டார்கள். அதையே லாகாக நம்பியிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அது உறுதிப்படுத்தும் சேவை. முழு லாகுக்குரிய குறிப்புகள், நினைவுகள் எதையும் அது வைத்துக்கொள்வதில்லை.

என் ஏற்பாடு இப்போது இப்படி. மாதம் முதல் ஞாயிறு முழு லாகையும் ஏடிஐஎஃப் கோப்பாக எடுத்து மூன்று இடங்களில் போடுகிறேன். வருடம் ஒருமுறை காகிதத்தில் அச்சிடுகிறேன். சிரிக்கலாம்.

போன செப்டம்பரில் சாரின் மகன் அழைத்தார். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்களாம். "தம்பி, அப்பா நோட்டுல உங்க பேரு நிறைய இடத்துல இருக்கு, போட்டோ அனுப்பட்டா?" கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. கோடு கிழித்து, நீல மையில், வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். பதினொரு தடவை பேசியிருப்போம் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று இருந்தது.

சார் எழுதுவது இந்திய நேரம். ஒவ்வொன்றிலும் ஐந்தரை மணி நேரம் கழித்து ஏற்றினேன். ஒரு தொடர்பு திங்கள் காலை 5.20; யுடிசியில் அது ஞாயிறு 23.50, தேதியே மாறுகிறது. அதெல்லாம் சுலபம். கடைசிப் பத்தியில் அவர் தமிழில் குறிப்பு எழுதியிருந்ததுதான் சிக்கல். ஒரு நாள் "நயினார்குளம் நிறைஞ்சிருக்கு" என்று இருந்தது. ஏற்றினேன், வேவ்லாக் அழகாகக் காட்டியது. என் விதிப்படி வெளியே எடுத்து இன்னொரு மென்பொருளில் போட்டேன். வரிசையாகக் கேள்விக்குறிகள், அதற்கடுத்த விவரமும் குழம்பிப்போயிருந்தது.

வழக்கமான ஏடிஐஎஃப் கோப்பில் அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும்தான் இடம். நீளத்தை எண்ணி எழுதும் வடிவம் என்றேன் அல்லவா? நயினார்குளம் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் 12. யுடிஎஃப்-8-ல் 36 பைட். ஒரு மென்பொருள் 12 என்று எழுதும், மற்றொன்று 12 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். பிற மொழிகளுக்கென்று எக்ஸ்எம்எல் வகையில் வேறொரு வடிவம் உண்டு. நான் முயன்ற மென்பொருள்களில் பாதிக்குமேல் அதைத் தொடவே இல்லை.

கடைசியில் சார் மோர்ஸில் வணக்கம் அனுப்பிய வழியிலேயே போனேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன். நோட்டுப் பக்கங்களின் படங்களும் அதே ஃபோல்டரில் இருக்கின்றன, மூன்று இடங்களிலும். 2022 அக்டோபர் பக்கத்தில், என் கால்சைனுக்கு நேரே, எங்கள் முதல் தொடர்புக்கு அவர் எழுதியிருந்தது இது: "டல்லாஸ் தம்பி. தமிழ். கை பரவாயில்லை, இடைவெளி விடத் தெரியவில்லை."