ரவுட்டர் கான்ஃபிக்கை எப்படிப் படிப்பது?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. நெட்வொர்க் பராமரிப்பின்போது தவறான ஒரு கட்டளை போனதுதான் காரணம். அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்கவென்றே ஒரு சோதனை நிரல் வைத்திருந்தார்கள். அதிலிருந்த பிழையால் அது தடுக்கவில்லை.

ரவுட்டர், சுவிட்ச் எதுவானாலும் அதை நடத்துவது கான்ஃபிக் என்ற கட்டளைத் தொகுப்புதான். கருவிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் கண்ணால் படித்து மாளாது. நிரல்தான் படிக்க வேண்டும்.

பலரும் முதலில் எடுப்பது, வரிகளில் குறிப்பிட்ட எழுத்து வடிவத்தைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன். நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் முகவரி எல்லாக் கருவியிலும் இருக்கிறதா என்று பார்க்க அதுவே போதும். ஆனால் சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 'ஷட்டவுன்' என்ற வரியைத் தனியே எடுத்தால் பயனில்லை. எந்த இன்டர்ஃபேஸின் கீழே, ஓர் இடம் உள்தள்ளி வருகிறதோ அந்த இன்டர்ஃபேஸைத்தான் அது அணைக்கும். இந்தத் தாய்வரி, சேய்வரி உறவைப் பிடிக்க சிஸ்கோகான்ஃப்பார்ஸ் என்ற பைதான் நூலகம் இருக்கிறது. அன்றாட வேலை பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

முடியாத இடம் ஒன்று உண்டு. யாரை உள்ளே விடலாம் என்று 'ஆஃபீஸ்-இன்' என்ற பெயரில் ஓர் ஏசிஎல் பட்டியல் எழுதுகிறோம். இன்டர்ஃபேஸில் அதைப் பொருத்தும்போது பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போகிறது. இலக்கணப்படி இரண்டு வரியும் சரி. ஐஓஎஸ் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். எழுதிய பட்டியலென்றால், அனுமதி பெறாத எதையும் கடைசியில் தானாகவே மறுத்துவிடும். இல்லாத பட்டியலைப் பொருத்தினாலோ எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடும்! கதவு திறந்து கிடப்பது யார் கண்ணிலும் படாது.

இதைப் பிடிக்க வரிகளுக்கிடையே உள்ள தொடர்பு புரிய வேண்டும். பேட்ஃபிஷ் என்ற திறமூல மென்பொருள் எல்லாக் கருவிகளின் கான்ஃபிக்கையும் சேர்த்துப் படித்து, நெட்வொர்க்கின் மாதிரி ஒன்றைக் கட்டுகிறது. வரையறுக்காத பெயர் எங்கே வருகிறது, இந்தக் கணினியிலிருந்து அந்த சர்வருக்குப் பாக்கெட் போய்ச் சேருமா என்றெல்லாம் அதனிடம் கேட்கலாம். உண்மையான ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பாதுகாப்பு விதிகளைச் சரிபார்க்க இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஒரு நிபந்தனையோடு: தனக்குப் புரியாத வரிகளை அது எச்சரிக்கைப் பட்டியலில் போடும். மற்ற விடைகளைப் பார்க்கும் முன் அந்தப் பட்டியலைத் திறந்து, விட்டுப்போனவற்றில் ஏசிஎல் வரி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.