நாட்டுப்புறப் பாரிஷின் ஆண்டுக்கணக்கு: சில சொற்களும் அவற்றின் பொருளும்

இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்டுப்புறப் பாரிஷ் ஒன்று தன் ஆண்டுப் பணிகளையும் வரவு செலவையும் நடத்தும் முறையை விளக்கி, அவ்வாட்சியில் வழங்கும் சொற்களைத் தமிழாக்குவதில் எழும் இடர்ப்பாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இச்சொற்களைச் சமயச் சொற்கள் எனக் கொண்டு, விவிலியத் தமிழிலிருந்தோ தமிழ்நாட்டுத் திருச்சபை வழக்கிலிருந்தோ நேர்ச்சொல் தேடுவது மொழிபெயர்ப்பாளர் இயல்பு. ஆயின் இவற்றுட் பல நிலம், வருவாய், உடைமை, கடப்பாடு ஆகியவை பற்றி எழுந்தவை. பணம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என அறியாமல் இவற்றை மொழிபெயர்த்தல் இயலாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. நாவல் மொழிபெயர்ப்பில் நேரும் பிழை ஒரு பாத்திரத்தின் தகுதியை மாற்றும். ஆவண மொழிபெயர்ப்பில் நேரும் பிழை உள்ள கடனை மறைக்கும், அல்லது இல்லாத கடனைச் சுமத்தும்.

பதவிப் பெயர்களும் வாரமும்

ஆங்கில நாவல்களில் வரும் ரெக்டர், விகார், கியூரேட் என்னும் மூவரையும் தமிழில் தலைமைக்குரு, குரு, உதவிக்குரு எனப் படிநிலைப்படுத்துவோர் உளர். திருநிலையில் இம்மூவருக்கும் வேறுபாடு இல்லை. மூவரும் குருப்பட்டம் பெற்றவரே. வேறுபாடு விளைச்சலில் அவர் பெற்ற பங்கில்தான் இருந்தது.

பாரிஷின் விளைச்சலில் பத்திலொரு பங்கு அதன் குருவுக்கு உரியது என்பது இடைக்கால வழக்கு. தானியம், வைக்கோற்புல், மரம் ஆகியவற்றின் பங்கு பெருவாரம் எனவும், கால்நடையின் ஈற்று, கம்பளி, முட்டை, கனி முதலியவற்றின் பங்கு சிறுவாரம் எனவும் பொதுவாகப் பிரிக்கப்பட்டன. இரண்டையும் பெற்றவர் ரெக்டர். பல பாரிஷ்களில் துறவி மடங்கள் ரெக்டர் உரிமையைத் தாமே கைக்கொண்டு, பெருவாரத்தை எடுத்துக்கொண்டு, வழிபாட்டை நடத்த ஒரு பதிலாளை அமர்த்தின. பதிலாள் என்பதே விகார் என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல்லின் பொருள். அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிறுவாரம். இரண்டுமின்றி நிலையான ஊதியம் மட்டும் பெற்று ஓர் ஆலயத்தின் முழுப்பொறுப்பை வகித்தவர் நிலைக் கியூரேட் எனப்பட்டார்.

இந்த நிலைக் கியூரேட் மொழிபெயர்ப்பாளரை எளிதில் ஏமாற்றுவார். பிராண்டே சகோதரியரின் தந்தை பாட்ரிக் பிராண்டே 1820 முதல் 1861-இல் இறக்கும் வரை யார்க்‌ஷயரின் ஹாவொர்த்தில் நிலைக் கியூரேட்டாக இருந்தார். அவ்வாலயத்தின் பொறுப்பு முழுவதும் அவருடையது. 1854-இல் சார்லட்டை மணந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸும் அதே ஆலயத்தில் கியூரேட். ஆயின் அவர் உண்மையிலேயே உதவியாளர். மாமனார், மருமகன் இருவரையும் ‘உதவிக்குரு’ என்று எழுதிவிட்டால், அவ்வீட்டின் அதிகார உறவே தமிழ் வாசகர்க்குப் புலப்படாது போகும். 1868-இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பின்னர் நிலைக் கியூரேட்டுகள் விகார் என வழங்கப்படலாயினர். எனவே 1868-க்கு முந்திய பனுவலில் வரும் விகாரும் பிந்திய பனுவலில் வரும் விகாரும் ஒரே பொருளினர் ஆகார்.

‘லிவிங்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் கர்னல் பிராண்டன் எட்வர்டு ஃபெராஸுக்கு டெலஃபோர்டு லிவிங்கை அளிக்கிறார். அதன் ஆண்டு வருவாய் 200 பவுன். இதனை ‘வேலை’ என்றோ ‘குருப்பதவி’ என்றோ பெயர்ப்பின், நிலவுடைமையாளர் ஒருவர் அதனைத் தம் உரிமையாக வழங்க முடிவது எவ்வாறு என்பது விளங்காது. பணிபுரிவோரின் வாழ்க்கைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் சீவிதம், சீவிதப்பற்று என்கின்றன. வாழ்தற்பொருளில் பிறந்து, வாழ்வளிக்கும் வருவாயைக் குறித்து நின்றமையில் இரு சொற்களும் ஒத்தவை. வரலாற்று நூல்களில் சீவிதம் என்பதை எடுத்தாளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நாவலில் அது பழமை மிகுந்து ஒலிக்கும். அங்கு ‘மானியப் பதவி’ எனல் பொருந்தும்.

தசமபாகம் அன்று, கடன்

மேற்கூறிய பத்திலொரு பங்கைத் ‘தசமபாகம்’ எனப் பெயர்ப்பதில் ஓர் இடர் உண்டு. இன்றைய தமிழ்க் கிறித்தவர்க்குத் தசமபாகம் என்பது நம்பிக்கையாளர் தம் வருமானத்திலிருந்து மனமுவந்து அளிப்பது. இங்கிலாந்தில் அது நிலத்தின்மீது சட்டம் ஏற்றிய சுமை. அவ்வாலயத்திற்கு ஒருநாளும் செல்லாத பிற சபையினரும் அதனைச் செலுத்த வேண்டியிருந்தது. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் விளைபொருளாகக் கொடுப்பதைப் பணமாக மாற்றி, கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு அதனை இணைத்தது. 1936-இல் இக்கட்டணமும் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக நிலவுடைமையாளர் அரசுக்குச் செலுத்தவேண்டிய ஆண்டுத்தொகை ஒன்று விதிக்கப்பட்டது. அதுவும் 1977-இல் முடித்துவைக்கப்பட்டது. ஆகவே இவ்வரலாற்றில் ‘மேல்வாரம்’ என்னும் நம் வேளாண் சொல்லே பொருளால் அணுகி நிற்கிறது.

ஆயினும் வாரத்தோடு ஒட்டிய ஒரு கடன் முற்றிலும் மறையவில்லை. மக்கள் அமரும் பகுதியைப் பாரிஷாரும் பீடப் பகுதியை ரெக்டரும் செப்பனிட வேண்டும் என்பது பழைய விதி. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபோது, அவை வைத்திருந்த ரெக்டர் உரிமைகள் பலவும் காலப்போக்கில் பொதுநிலையினர் கைக்குச் சென்றன. நிலத்தோடு கடனும் சென்றது. வாரிக்‌ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்னும் ஊரில் பண்ணை ஒன்றைப் பெற்றிருந்த குடும்பத்தாரிடம், 1990-களில் ஆலயப் பீடப் பகுதியைச் செப்பனிட ஏறத்தாழ 95,000 பவுன் கோரப்பட்டது. வழக்கு பிரபுக்கள் அவை வரை சென்றது. 2003-இல் தீர்ப்பு பாரிஷ் மன்றத்திற்குச் சார்பாக அமைந்தது. இக்கடன், அதனை அறியாமல் நிலம் வாங்குவோரையும் பிணிக்கும் நிலை 2013 அக்டோபர் வரை நீடித்தது. அதன்பின் நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்குவோரைப் பிணிக்க, அது நிலப்பதிவேட்டில் முன்னரே பதியப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வழக்கில் வரும் ‘லே ரெக்டர்’ என்பாரைப் ‘பொதுநிலைக் குரு’ என ஒருவர் பெயர்ப்பின், பண்ணையார் ஒருவர் வழிபாடு நடத்தியதாகவே வாசகர் கொள்வர். ‘பெருவார உரிமையர்’ என்பதே பொருள்.

இரு கூட்டங்கள்

பாரிஷின் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. கணக்கு ஆய்வு செய்யப்பட்டு, மே 31-க்குள் ஆண்டுக்கூட்டத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். அன்று நடைபெறுவன உண்மையில் இரண்டு கூட்டங்கள். ஒரே இடத்தில், பெரும்பாலும் அதே முகங்களோடு, சில நிமிட இடைவெளியில் நடைபெறுவதால் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுதல் எளிது.

முதற்கூட்டம் ஆலயக் காப்பாளர் இருவரைத் தேர்வதற்கு. அதில் ஆலயப் பதிவேட்டில் உள்ளோர் மட்டுமன்றி, அப்பாரிஷின் எல்லைக்குள் வாழ்ந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற எவரும், அவர் எச்சமயத்தவராயினும், வாக்களிக்கலாம். இரண்டாம் கூட்டத்தில் திருச்சபையின் பதிவேட்டில் பெயர் உள்ளோர் மட்டுமே கலந்து, பாரிஷ் மன்ற உறுப்பினரைத் தேர்ந்து, கணக்கைப் பெறுவர். பாரிஷ் என்பது முதற்கண் ஒரு நிலப்பரப்பு. வழிபடுவோர் கூட்டம் என்னும் பொருள் அதன்மேல் அமைந்தது. ஏழையர் பாதுகாப்பு, சாலை ஆகியவற்றையும் ஒருகாலத்தில் பாரிஷே நடத்தியது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புறங்களில் உள்ளாட்சிப் பாரிஷ் மன்றங்களை அமைத்து, எஞ்சியிருந்த ஊர்ப்பணிகளை அவற்றிற்கு மாற்றியது. அதனால் இன்று ஓர் ஊரில் இரு பாரிஷ் மன்றங்கள் இருக்கலாம். ஒன்று ஊராட்சி, மற்றொன்று திருச்சபை மன்றம். செய்தித்தாளில் ‘பாரிஷ் கவுன்சில்’ என வருவது பெரும்பாலும் ஊராட்சியே.

எனவே பாரிஷைச் ‘சபை’ எனல் முதற்கூட்டத்தை விளக்காது. கத்தோலிக்கர் வழங்கும் ‘பங்கு’ நிலப்பரப்பை ஓரளவு உணர்த்தும். திருநெல்வேலித் திருமண்டலத்தில் வழங்கும் ‘சேகரம்’ நம்மவர்க்கு இயல்பாக நினைவுக்கு வரும். ஆங்கிலிக்கச் சங்கங்களின் ஊழியத்தால் வளர்ந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த பகுதியாதலின் அச்சொல்லுக்கு உரிமையும் உண்டு. ஆயின் பல சிற்றூர்ச் சபைகள் ஒரு குருவானவரின்கீழ்த் திரண்டமைவது சேகரம். இன்றைய இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஐந்தாறு ஆலயங்கள் ஒரே குருவின்கீழ் இணைக்கப்படுகின்றன. அவ்விணைப்பையே சேகரம் எனலாம். அதனுள் அடங்கும் ஒவ்வொரு பாரிஷும் தனி மன்றமும் தனிக் கணக்கும் உடையது. இக்காரணம் பற்றியே இக்கட்டுரையில் ‘பாரிஷ்’ பெயர்க்கப்படாமல் நிற்கிறது.

வரவும் செலவும்

ஆண்டின் பணிகள் உழவோடு சேர்ந்து சுழல்வன. சனவரியில் கலப்பைக்கு ஆசி கூறும் ஞாயிறு, வசந்தத்தில் வயல்களுக்காக மன்றாடும் நாள்கள், கோடையில் குருமனைத் தோட்டத்தில் கேக்கும் பழம்பொருளும் விற்கும் விழா, இலையுதிர்காலத்தில் அறுவடை விழா. இவ்விறுதி விழா இன்றைய வடிவில் பழமையானது அன்று; கார்ன்வாலின் மார்வென்ஸ்டோவில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1843-இல் நடத்தியதிலிருந்து பரவியதாகக் கூறுவர். படைத்த காய்கனிகளை விழா விருந்தில் ஏலமிடும் பாரிஷ்களும் உண்டு. நெல்லைச் சீமையின் ஆலய ஏலங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

செலவில் பெரும்பகுதி திருமண்டலத்திற்குச் செலுத்தும் தொகை. குருமாரின் உதவித்தொகை, வீடு, ஓய்வூதியம் ஆகியவற்றிற்கான பணம் இதிலிருந்து செல்கிறது. குருவின் சொந்த வருவாயாக இருந்த ஆலய மானிய நிலங்கள் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1978 ஏப்ரல் முதல், திருமண்டல நிதிக்குழுவிடம் சேர்ந்தன. அன்றோடு ரெக்டர், விகார் என்னும் பெயர்களுக்கு எஞ்சியிருந்த பொருளியல் அடிப்படையும் போயிற்று. பின்னர், 1998 முதல் ஆற்றும் பணிக்கான ஓய்வூதியச் சுமையும் தேசிய அளவிலான திருச்சபை ஆணையத்திடமிருந்து திருமண்டலங்கள்மீதும், அவற்றின் வழியே பாரிஷ்கள்மீதும் வந்தது. சிற்றூர் ஆலயங்களின் கணக்கு இறுகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தொகையின் பெயர் வரலாறு மொழியியலார் கருதத்தக்கது. முன்னர் ‘கோட்டா’ என்றனர், பின்னர் ‘ஷேர்’, சில இடங்களில் ‘பொது நிதி’, இன்னும் சில இடங்களில் ‘ஆஃபர்’. விதிக்கப்பட்டது பகிரப்படுவதாகி, பகிரப்படுவது முன்வந்து அளிப்பதாயிற்று. கேட்கப்படும் தொகை சட்டத்தால் வசூலிக்கத்தக்க கடன் அன்று என்பதே இம்மாற்றத்தின் பின்னணி. அனைத்தையும் ‘வரி’ எனப் பெயர்ப்பது பிழை. கத்தோலிக்க வழக்கைப் பின்பற்றிப் ‘பங்கின் பங்கு’ என எழுதுவதையும் தவிர்க்கலாம்! ‘திருமண்டலப் பொறுப்புத்தொகை’ எனலாம்.

வரவில் முதன்மையானது உறுப்பினர் கொடை. வரி செலுத்துவோர் உரிய அறிவிப்போடு அளிக்கும் ஒவ்வொரு பவுனுக்கும், அடிப்படை வரிவிகிதம் 20 விழுக்காடாக உள்ள நிலையில், 25 பென்ஸ் அரசிடமிருந்து திரும்பப் பெறப்படுகிறது. இதன் பெயரான ‘கிஃப்ட் எய்டு’ என்பதைக் ‘கொடை உதவி’ எனப் பெயர்ப்பது பொருள் தராது. ‘கொடைவரி மீட்பு’ எனல் தகும். ஈஸ்டர் காணிக்கையோ மரபுப்படி குருவுக்கே தனிப்பட உரியது. அது வருமான வரிக்கு உட்பட்டது எனப் பிரபுக்கள் அவை 1909-இல் தீர்ப்பளித்தது. தமிழில் காணிக்கை எனின் இறைவனுக்கு உரியது எனக் கொள்வோர்க்கு இத்தீர்ப்பு வியப்பளிக்கலாம்.

கணக்கேட்டில் மிக்க கவனம் வேண்டுவது நிதிவகையை உணர்த்தும் இரு சொற்களில். கொடுத்தவர் குறித்த நோக்கத்திற்கன்றிச் செலவிடலாகாத நிதி ஒருவகை. மன்றமே ஒரு நோக்கத்திற்கென ஒதுக்கிவைத்து, வேண்டின் தானே விடுவித்துக்கொள்ளும் நிதி மற்றொரு வகை. இரண்டையும் ‘ஒதுக்கீட்டு நிதி’ என்று எழுதினால், மணிக்கூண்டிற்கென ஒருவர் விட்டுச்சென்ற பணத்தை எரியெண்ணெய் வாங்கச் செலவிடலாம் என ஆகிவிடும். முதலாவதைக் கொடையாளர் கட்டுப்பாட்டு நிதி எனவும், இரண்டாவதை மன்ற ஒதுக்கீட்டு நிதி எனவும் வேறுபடுத்தல் வேண்டும்.

உடைமை பற்றிய தொடர்களும் இவ்வாறே. ஆலயக் கட்டடத்தின் உரிமை பொதுவாகப் பொறுப்புக் குருவிடமும், வெள்ளிக் கலங்கள் முதலிய அசையும் பொருள்களின் உரிமை ஆலயக் காப்பாளரிடமும் உள்ளன. பணம் மன்றத்தினுடையது. மன்றத்திற்கு நிலம் வாய்ப்பின் அது திருமண்டல அமைப்பின் பெயரிலேயே காப்பு வைக்கப்படும். ‘சபைக்குச் சொந்தமான’ என்னும் தமிழ்த் தொடர் இந்நான்கனுள் பணம் ஒன்றற்கே பொருந்தும்.

இனி, தோற்றத்தால் ஏமாற்றும் சில சொற்கள். ‘ஃபேப்ரிக்’ நிதி துணிக்கானது அன்று, கட்டடத்திற்கானது. ‘டெரியர்’ நாய் அன்று. நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த உடைமைப் பதிவேடு. ‘ஃபேகல்ட்டி’ என்பது ஆலயத்தில் மாற்றம் செய்யத் திருமண்டல நீதிபதி வழங்கும் இசைவாணை. ‘மூடப்பட்ட கல்லறைத் தோட்டம்’ என ஆண்டறிக்கையில் வருவது பூட்டிய வாயிலைக் குறியாது. அங்கே மக்கள் நடமாடுவர், புல் வளரும். அரசாணையால் புதிய அடக்கங்கள் நிறுத்தப்பட்டன என்பதே பொருள். அவ்வாறு நிறுத்தப்பட்டபின், 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, திருச்சபை மன்றம் எழுத்து வழி கோரிப் பராமரிப்புப் பொறுப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம். புல்வெட்டும் செலவு அன்றுமுதல் ஆலயக் கணக்கிலிருந்து நீங்கி, ஊராரின் உள்ளாட்சி வரியில் சேரும்.