பேய் வருமுன் சில்வண்டு ஓயும்

காதுக்கே கேட்காத ஒலியைப் படத்துக்குள் ஒளித்து வைத்துத்தான் பேய்ப் படங்கள் நம்மை நடுங்க வைக்கின்றனவாமே, உண்மையா? இந்த வாரக் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. ஏற்காடு மலையில் வாழவந்தியிலிருந்து எழுதிய வாசகருக்கு அவசரம் வேறு: ‘சேலத்துக்கு இறங்கிப் படம் பார்க்கப் போகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.’

போட்டாயிற்று: நம்ப வேண்டாம்.

20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வு நம் காதுக்கு எட்டாது என்பது சரி. 1998இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் விக் டாண்டி என்பவர், ஆய்வகத்தில் தான் உணர்ந்த ‘ஆவி’ உண்மையில் ஒரு மின்விசிறி கிளப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் என்று எழுதினார். கதை அங்கே பிறந்தது. ஆனால் 2009இல் வெளியான லண்டன் ஆய்வில், 79 பேரைத் தனியறையில் உலவவிட்டுப் பார்த்தபோது, அதிர்வு ஓடினாலும் ஓடாவிட்டாலும் விசித்திர உணர்வுகளில் வேறுபாடு தெரியவில்லை. ‘இர்ரிவெர்சிபிள்’ (2002) என்ற பிரெஞ்சுப் படத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒலியும் சுமார் 27 ஹெர்ட்ஸ்தான். அது காதுக்குக் கேட்கும். கவனத்தில் படாது, அவ்வளவே. விளம்பரக்காரர்களுக்கு இது போதும்.

உண்மையான வித்தை ஒலியைச் சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில் இருக்கிறது. எந்த இரவுக் காட்சியிலும் பூச்சி இரைச்சல், காற்று, தூரத்து நாய் என்று ஒரு பின்னணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒலி வடிவமைப்பாளர் அதை மெல்ல மெல்ல இறக்குகிறார். நாம் கவனிப்பதில்லை, உடம்பு கவனித்துவிடுகிறது. காப்பித் தோட்டத்தில் இரவில் நடப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலடி அதிர்வு பட்டதும் பக்கத்துச் சில்வண்டு பாட்டை நிறுத்திவிடும். நாம் அசையாமல் நிற்கும்போதும் இரைச்சல் ஓய்ந்தால், அங்கே வேறு ஏதோ நடமாடுகிறது. காட்டெருமையாகவும் இருக்கலாம்.

பிறகு அடி விழுகிறது. திடீர் ஓசைக்குக் கண் இமைக்க நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை; என்ன சத்தம் என்று மூளைக்குப் புரியும் முன்பே உடம்பு துள்ளிவிடும். இதற்கு ஓசை படிப்படியாக ஏறாமல் ஒரே வீச்சில் உச்சிக்குப் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. அடி விழுவதற்குச் சுமார் பத்தில் ஒரு நொடி முன்னால் சின்னச் சத்தம் ஒன்று கேட்டுவிட்டால் திடுக்கிடல் குறைந்துபோகும் என்பது ஆய்வகங்கள் பலமுறை கண்ட உண்மை. அந்த இடைவெளியில் சேலை சரசரப்பைக்கூட விட்டுவைக்காமல் துடைத்தெடுப்பதன் பலன் இதுதான். இருட்டும் திடுக்கிடலைக் கூட்டும். அதைத் தியேட்டரே கொடுத்துவிடுகிறது.

1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தைப் பாருங்கள். இரவுச் சாலையில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி. இரண்டு ஜோடிக் குதிகால் ஓசை மாறி மாறிக் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த ஓசை இல்லை. முன்னால் போகிறவள் வேகத்தைக் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஓடுகிறாள். சட்டென்று ‘புஸ்’ஸென்று ஒரு சீறல். வந்து நின்றது வெறும் பஸ்! கொண்டை ஊசி வளைவில் ஏர் பிரேக் விடும் அதே சத்தம். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது, பலர் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, காணாமல் போன காலடியை விட்டுவிட்டார்கள் என்பதே. காது கிழியும் சத்தத்துக்கு யாரும் துள்ளுவார்கள். அதைப் பயம் என்று விற்பது மோசடி. ‘பீட்சா’வில் (2012) நாயகன் டார்ச்சோடு பங்களாவில் தனியே அலையும் நீண்ட பகுதி நம்மை இறுக்குவது, அடிக்காக நம்மைக் காக்க வைப்பதால்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக:

வயலின் கிறீச்சிட்டால் ஏன் வயிற்றைப் பிசைகிறது? அலறலில் உள்ள கரகரப்பு அதில் இருப்பதால். 102 படங்களின் ஒலித்தடங்களை அலசிய 2010 ஆய்வு, அலறல் போன்ற கரகரப்பான ஒலி திகில் படங்களில் மிகுதி என்கிறது.

இசையே இல்லாமல் முடியுமா? ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் பின்னணி இசை கிடையாது. மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவைச் சத்தம் போதுமானதாக இருந்தது.

தமிழில் திகில் இசைக்கு முன்னோடி யார்? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் மர்மப் படங்களுக்கும், ஏவி.எம்.மின் ‘அதே கண்கள்’ (1967) படத்துக்கும் இசையமைத்த வேதா.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? யு/ஏ சான்றிதழ் 2024 முதல் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்துவிட்டது. அந்த எண்ணைப் பாருங்கள்.

வீட்டில் பார்த்தால் பயமே வரவில்லையே? டி.வி.யின் ‘நைட் மோட்’ பெரிய ஓசையைக் குறைத்து, சின்ன ஓசையைக் கூட்டி, இரண்டையும் சமமாக்கிவிடும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.