பூனையும் கருவும்: டாக்சோபிளாஸ்மாவின் காலக்கணக்கு

புதுச்சேரியின் வடபகுதியில் கடலோரம்வரை நீளும் முத்தியால்பேட்டையில் தெருப்பூனைகளைக் கண்டு கருவுற்ற பெண்கள் அஞ்ச வேண்டுமா என்ற கேள்விக்கான விடை, பூனையைவிட டாக்சோபிளாஸ்மா கோண்டி என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி உடலுக்குள் புகும் காலத்திலேயே அடங்கியுள்ளது. 1908இல் துனிஸ் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் நிக்கோலும் மான்சோவும் ஒரு கொறிவிலங்கில் கண்ட இவ்வுயிரி, ஆடு, கோழி, மனிதர் எனப் பல உடல்களில் தங்கினாலும், பூனையினத்தின் குடலில் மட்டுமே பாலினப்பெருக்கம் செய்கிறது. முதன்முறை தொற்றுண்ட பூனை ஓரிரு வாரங்கள் மலத்தில் வெளியேற்றும் ‘ஊசிஸ்ட்’ எனும் உறைமுட்டைகள், சில நாள்கள் முதிர்ந்த பின்னரே தொற்றும் திறன் பெற்று, ஈரமண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே மடியில் உறங்கும் வளர்ப்புப்பூனையைவிட, கழுவாத கீரையும் அரைவேக்காட்டு இறைச்சியும் மாசுற்ற நீருமே கவனத்துக்குரியவை. 2004-05இல் கோயம்புத்தூரில் 248 பேரின் கண்களை இவ்வொட்டுண்ணி தாக்கியபோது, ஐயம் குடிநீர் மீதே விழுந்தது.

கருவுறுவதற்கு நெடுநாள் முன்பே தொற்றிய பெண்ணின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடுவதால், பெரும்பாலும் கருவுக்கு ஆபத்தில்லை. கர்ப்பகாலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகிறது. தொடக்க மாதங்களில் அது கருவை எட்டுவது அரிது. எட்டினால் கருச்சிதைவு, தலையில் நீர்கோத்தல், மூளையில் சுண்ணாம்புப் படிவு போன்ற கடும் விளைவுகள் நேரலாம். இறுதி மாதங்களிலோ பாதிக்கு மேற்பட்ட கருக்களுக்குத் தொற்று பரவினாலும், பிறக்கும் குழந்தை பெரும்பாலும் நலமாகவே தோன்றும்.

‘டார்ச் டெஸ்ட்’ என்று பரவலாக அறியப்படும் இரத்தப் பரிசோதனையில், ஐஜிஜி என்ற எதிர்ப்புரதம் மட்டும் இருப்பது பழைய தொற்றையே பெரும்பாலும் காட்டுகிறது. ஐஜிஎம் என்ற மற்றோர் எதிர்ப்புரதம் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடுமாதலால், அதுவும் தனித்து எதையும் உறுதிசெய்யாது. ஐஜிஜி ஒட்டுண்ணியுடன் எவ்வளவு இறுகப் பிணைகிறது என்பதை அளக்கும் ‘அவிடிட்டி’ பரிசோதனையே தொற்றின் வயதைக் கணிக்க உதவுகிறது. இந்த வேறுபாட்டை விளக்காமல், ஒவ்வொரு கருச்சிதைவுக்கும் டார்ச் முடிவைக் காரணமாக்கும் வழக்கம் வீண் அச்சத்தையே வளர்க்கிறது. பிரான்சில் 1978இல் சட்டமான டாக்சோபிளாஸ்மா பரிசோதனை, 1954இலேயே பிரெஞ்சு ஆட்சி விலகிய புதுச்சேரியை எட்டவில்லை.

புதிய தொற்று உறுதியானால், கருவுக்குப் பரவுவதைக் குறைக்க ஸ்பைராமைசின் தரப்படுகிறது; கருவே தொற்றுண்டிருந்தால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் அமிலம் மூன்றையும் சேர்த்துத் தருவர். பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை ஏறத்தாழ ஓராண்டு நீள்கிறது. விழித்திரைப் புண்கள் பள்ளிப்பருவத்திலோ அதற்குப் பின்னரோகூடத் தோன்றுவதால், கண் பரிசோதனை சிகிச்சைக்குப் பிறகும் தொடர வேண்டியுள்ளது.