கொதிநிலை என்றொரு படிமம்

‘மக்கள் கோபம் கொதிநிலையை எட்டிவிட்டது’ என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம், நானும்தான். கொதிநிலை என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்ட ஓர் எண், அங்கே போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி என்கிற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. பௌதிகம் அப்படிச் சொல்லவில்லை.

திரவத்திலிருந்து மூலக்கூறுகள் சதா வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆவியின் அழுத்தம், மேலிருந்து அழுத்துகிற காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது திரவம் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீருக்கு அது 100 டிகிரி. ஆனால் இது வெறும் தண்ணீரின் கணக்கு. தான் ஆவியாகாத ஒரு பொருளை அதில் கரைத்தால் நீரின் ஆவி அழுத்தம் குறைகிறது. கரைசலில் நூற்றுக்கு ஒரு துகள் அந்நியம் என்றால், குறைவும் நூற்றுக்கு ஒன்று. பிரான்சின் கிரெனோபிள் நகரப் பேராசிரியர் ரௌல்ட் 1887இல் இதை விதியாக்கினார். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டக் கூடுதல் சூடு வேண்டும். எனவே கொதிநிலை ஏறுகிறது.

கரைந்தது எது என்று இந்த விதி கேட்பதில்லை. எத்தனை என்று மட்டும் கேட்கிறது. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கொதிநிலையைச் சுமார் அரை டிகிரி உயர்த்தும். 58 கிராம் உப்போ கிட்டத்தட்ட ஒரு டிகிரி உயர்த்திவிடும். கரையும்போது உப்பு இரண்டிரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடுவதுதான் காரணம். பாடநூல்கள் இவற்றைத் தொகைசார் பண்புகள் என்கின்றன. அடையாளங்களை அழித்துத் தலைகளை மட்டும் எண்ணுகிற இந்த விதி நமது பெருங்கதையாடல்களுக்கு உவப்பானதுதான். ஆனால் நீர்த்த கரைசலில்தான் அது சரியாகப் பொருந்தும். செறிவு கூடக்கூட, எது எதோடு ஒட்டுகிறது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

கருப்பட்டி அந்தச் செறிவில்தான் உருவாகிறது. தூத்துக்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் பெண்களுக்கு இது அன்றாட வேலை. நீர் வற்றவற்றச் சர்க்கரை செறிந்து, கடைசியில் பாகு 115 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும். தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, ‘பதம் வந்துட்டு’ என்பார்கள். அது மேலே தெறித்தால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கிட்டு வேகும். நான் படித்த வேதியியல் பாடத்தில் கொதிநிலை ஏற்றம் இருந்தது, இந்தக் கை இல்லை.

ஆகவே, இனி அந்த வாக்கியத்தை எழுதுமுன் மேலே அழுத்துவது எது, உள்ளே கரைந்திருப்பது எது, எவ்வளவு செறிவில் என்று கேட்டாக வேண்டும். நூறில் கொதிக்கவில்லை என்பதற்காக ‘இந்தச் சனங்களுக்குச் சூடு சொரணை இல்லை’ என்று தீர்ப்பெழுதிய கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். என்னுடையதும் அதில் உண்டு.