கண்ணகி நகரிலிருந்து கண்ணாடி மாளிகைக்கு இருபது நிமிடம்

கல்லூரிக் குறும்பட விழாக்களுக்குப் போய்வரும் எவருக்கும் இந்தப் படம் பழக்கமானதுதான். வானுயர்ந்த கண்ணாடிக் கட்டடம். கட். கூவம் கரையில் ஒழுகும் குடிசை. வணிக வளாகத்தில் பீட்சா தின்னும் குழந்தை. கட். சிக்னலில் பேனா விற்கும் குழந்தை. பின்னணியில் வயலின் அழும். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ‘இதுதான் வளர்ச்சியா?’ என்று ஒரு கேள்வி. அரங்கம் கைதட்டும். எடுத்த பிள்ளைகள் வேறு, கல்லூரி வேறு, படம் மட்டும் ஒன்றே.

அந்தப் படங்களில் பொய் இல்லை. கட்டடமும் இருக்கிறது, குடிசையும் இருக்கிறது. என் குறையெல்லாம் அந்த ‘கட்’ மீதுதான். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்த நொடியில், இரண்டையும் இணைக்கிற மனிதர் தொலைந்துபோகிறார். அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பவர் யார், அவர் எங்கிருந்து வருகிறார், கரையில் இருந்த குடிசையைப் பிரித்து எங்கே கொண்டுபோனார்கள் என்று படம் கேட்பதில்லை. இரண்டும் தனித்தனியாக முளைத்தவை போலவும், ஒன்றுக்கும் மற்றதற்கும் கொடுக்கல் வாங்கலே இல்லை என்பது போலவும் ஆகிவிடுகிறது. ஏழை, பணக்காரன் என்று சொல்லி முடித்துவிடலாம். சாதி என்ற சொல்லை உச்சரிக்க வேண்டிய அவசியமே வராது.

நம் மாவட்டக் கல்லூரி ஒன்றில் படிக்கும் ஐந்து மாணவர்கள், நகர வாழ்வின் முரண்களைக் குறும்படமாக எடுக்கப் போகிறோம் என்று என்னிடம் வந்தபோது, அவர்கள் கையிலும் இதே கதைதான் இருந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் காலனிப் பிள்ளைகள். கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஒரு பெரிய வளாகத்தையும் ஒரு குடிசைப் பகுதியையும் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பிவிடலாம், மீதியை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். சென்னையில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மூன்று பேருக்கும் இருந்தார்கள். இருக்காமல் எப்படி? நம் பக்கத்துக் காலனிகளில் சித்தாள் வேலைக்கோ, காவல் வேலைக்கோ, துப்புரவு வேலைக்கோ சென்னைக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஒரு மாணவனின் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கல்யாணமாகிப் போய் அடையாற்றங்கரையில் குடிசை போட்டு, அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, இப்போது கண்ணகி நகரில் இருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ‘ஹவுஸ்கீப்பிங்’ வேலை. கழிவறை கழுவுவதற்கு அங்கே அதுதான் பெயர்.

கதையை ஓரமாக வைத்துவிட்டு அத்தையைத் தேடிப் போனார்கள்.

கண்ணகி நகரைப் பார்த்திராதவர்களுக்குச் சில வார்த்தை. ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களை அப்புறப்படுத்திக் கொண்டுவந்து வைத்த இடம் அது. அவர்களில் கணிசமானோர் நம் மக்கள். நகரின் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டி, 2000ஆம் ஆண்டு வாக்கில் குடியேற்றம் தொடங்கியது. அதே 2000 ஜூலையில்தான், அதே சாலையின் தலைமாட்டில், தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. மென்பொருள் சாலைக்கும் அதைக் கூட்டிக் கழுவுகிறவர்களின் குடியிருப்புக்கும் ஒரே வயது. இன்று கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பக்கத்தில் எழில் நகர், தெற்கே செம்மஞ்சேரி. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகளில் இன்னும் 20,000க்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கியது பெரும்பாக்கத்திலும் எழில் நகரிலும்தான். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் பெரிய பேச்சாக இருந்தது. 2021இல் வாரியத்தின் பெயரில் ‘வாழ்விட மேம்பாடு’ வந்துவிட்டது. வாழ்ந்த இடம்தான் கையை விட்டுப் போனது.

தமிழ் எம்.ஏ. படித்த பழக்கத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நகரம் இரண்டாகப் பிளந்து கிடப்பது நேற்றைய சங்கதி அல்ல. சிலப்பதிகாரத்துப் புகார் நகரமே இரண்டு பாக்கம். கடலோர மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவரும் உப்பு விற்பவரும் கொல்லரும் தச்சரும் இருந்தார்கள். உள்ளே பட்டினப்பாக்கத்தில் அரசரும் பெருவணிகரும் அந்தணரும். ஆனால் இளங்கோ இரண்டையும் வருணித்துவிட்டு நிற்கவில்லை. நடுவில் மரநிழலில் கூடிய நாளங்காடியையும் சொல்கிறார். குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொன்னதும் அதுதான்: நடுவில் இருப்பதை எடுங்கள். நகரத்தையே எரித்த பெண்ணின் பெயரை, நகரத்திலிருந்து வெளியேற்றியவர்களின் குடியிருப்புக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு இலக்கியம் தெரிந்திருக்காது. அல்லது நன்றாகவே தெரிந்திருக்கும்.

புறப்படும் முன் அவர்களுக்கு ‘ஃபன்றி’ (2013) போட்டுக் காட்டினேன். நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம். கிராமத்துக் கதைதான், ஆனால் முரணை எப்படிக் காட்டுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பன்றி பிடிக்கும் வேலைக்கு ஏவப்பட்ட ஒரு கைக்காடிக் குடும்பம், பிடித்த பன்றியைக் கழியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு போகிறது. பின்னால் பள்ளிக்கூடச் சுவர். சுவரில் அம்பேத்கர், சாவித்திரிபாய் பூலே ஓவியங்கள். அவ்வளவுதான். சுமப்பவர்களும் சுவரும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். வயலினும் கேள்வியும் தேவைப்படவில்லை.

சென்னையே இப்படிப்பட்ட சட்டகங்களைத் தானாகவே கொடுத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. பின்னால் விளக்கொளியில் வெள்ளை மாளிகை, முன்னால் நடைபாதையில் அதே நகரத்தைத் துடைத்துவைத்த கைகள். அதைப் படமாக்க இயக்குநர் தேவைப்படவில்லை, செல்போன் வைத்திருந்த எல்லோரும் எடுத்தார்கள்.

அத்தையிடம் போனபோது வேறொரு பாடம் காத்திருந்தது. அவர் உடனே சம்மதிக்கவில்லை. முதல் நாள் டீ கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் நிபந்தனைகள் சொன்னார்.

“மூஞ்சி தெரியக் கூடாது தம்பி. சூப்பர்வைசர் பார்த்தா மறுநாள் கேட்டுலயே நிறுத்திடுவாங்க. தண்ணிக்குக் குடம் வெச்சிக்கிட்டு நிக்கறத எடுக்காதீங்க, அதத்தான் டிவிக்காரங்க எல்லாரும் எடுத்துட்டாங்களே. அழுவுற பாட்டு கிட்டு எதுவும் போடாதீங்க. என் ஃபிரிட்ஜ எடுங்க, நானே தவணை கட்டி வாங்கனது.”

ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்த ‘பம்பாய் நமது நகரம்’ என்ற ஆவணப்படம் நினைவுக்கு வந்தது. குடிசைகளை இடித்துத் தள்ளுவதைப் பற்றிய படம். அதில் ஒரு பெண் கேமராவைப் பார்த்தே சண்டை போடுகிறார். எங்களைப் படம் பிடித்துப் போய் நீ பேர் வாங்குவாய், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்கிற அர்த்தத்தில். இயக்குநர் அதை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார். அந்தக் கேள்வியைப் பதிலோடு எதிர்கொள்ள யாராலும் முடியாது. ஆனால் அத்தையின் நிபந்தனைகள் பாதி வழியைக் காட்டின. வறுமையை எடுக்க வந்தவர்களிடம் அவர் தன் ஃபிரிட்ஜை எடுக்கச் சொன்னார். தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள், படத்தை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுவதாகவும்.

கேள்விகளையும் மாற்ற வேண்டியிருந்தது. ‘உங்க கஷ்டம் என்ன?’ என்று கேட்டால் யாரும் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். சைதன்ய தம்ஹானேயின் ‘கோர்ட்’ (2014) படத்தில், மும்பைச் சாக்கடைக்குள் இறங்கி இறந்தவரின் மனைவி சாட்சி சொல்லும் காட்சி ஒன்று உண்டு. உள்ளே இறங்கும் முன் குழிக்குள் கல்லைப் போடுவாராம். கரப்பான்பூச்சி வெளியே வந்தால் உள்ளே மூச்சு விடலாம், வராவிட்டால் விஷவாயு. அழாமல், வேலையின் நுணுக்கத்தைச் சொல்லுவது போலச் சொல்கிறார். மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சட்டப் பிரிவுகளைச் சொல்லி விளங்கவைக்க முடியாததை அந்தக் கரப்பான்பூச்சி விளங்கவைத்துவிடுகிறது.

எனவே பையன்கள் வேலையைக் கேட்டார்கள். எத்தனை கழிவறை? எத்தனை மணிக்கு ஒருமுறை? அப்போதுதான் அத்தை அந்தத் தாளைப் பற்றிச் சொன்னார். கழிவறைக் கதவின் பின்புறம் ஒரு தாள் தொங்கும், கட்டம் போட்டது. ஒவ்வொரு மணி நேரமும் கழுவி முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அவளிடமே கையெழுத்துப் பழகினார். “எட்டு வாட்டி போடறேன் ஒரு நாளைக்கு. கதவச் சாத்தினா கண்ணுக்கு நேரா என் பேருதான் இருக்கும். யாரு படிக்கறாங்க?”

நிறுவனத்துக்குள் கேமரா போக முடியாது. வாசலில் நின்று எடுத்தபோதே காவலாளி விரட்டினார், அவரும் நம் பக்கத்து ஆள்தான் என்பது பேசியபோது தெரிந்தது. அதனால் அத்தை வீட்டுத் தரையில் ஒரு தாளில் கட்டம் போட்டு, எட்டு முறை கையெழுத்துப் போட்டுக் காட்டினார். விரல் நுனியில் ஆசிட் பட்டு உரிந்த தோல். அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, படத்தில் நீளமானது அதுதான்.

அடுத்தது நடை. கண்ணகி நகர் உள்தெருவிலிருந்து பிரதான சாலைக்கு இருபது நிமிடம். 2020இல் கலைஞர்கள் வந்து வரைந்த பிரம்மாண்டமான முகங்கள் அங்கே கட்டடச் சுவர்களில் சிரிக்கின்றன. அவற்றை எடுக்க வெளியிலிருந்து ஆட்கள் கேமராவோடு வந்து போகிறார்கள். சுவர் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கண்ணகி நகர் முகவரியைப் போட்டால் கூப்பிடமாட்டார்கள் என்று அங்கே பிள்ளைகள் இன்னமும் துரைப்பாக்கத்துக்குள் வேறு தெருவின் பெயரை எழுதுகிறார்கள். மாணவர்கள் அத்தைக்குப் பின்னாலேயே நடந்தார்கள். முதுகு, பை, செருப்பு. சுவர்முகங்கள் மங்கலாகக் கடந்து போகின்றன. நடை முடிகிற இடத்தில் கண்ணாடிக் கட்டடம் தானாகவே சட்டகத்துக்குள் வந்து நின்றது. நடுவில் ஒரு ‘கட்’டும் இல்லை.

முரண் என்று நாங்கள் எதை நினைத்தோமோ அது அத்தைக்குப் பெரிதாகவே படவில்லை. அங்கே ஏசி, இங்கே புழுக்கம் என்பதைச் சொன்னபோது சிரித்தார். “சாப்பாட்டு ஹால்ல உக்காராதன்னு எங்கள யாரும் சொன்னதில்ல. உக்காருன்னு சொன்னதும் இல்ல. நாங்க மாடிப்படிக்குக் கீழதான் சாப்பிடுவோம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். “ஆனா டீ எல்லாருக்கும் பேப்பர் கப்புதான். நம்ம ஊரு டீக்கடையில நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப எங்களுக்குத் தனி கிளாசு. அந்த ஊருக்குத் திரும்பிப் போன்னா போவமாட்டேன்.”

நகரத்தைத் திட்டிவிட்டுக் கடைசிக் காட்சியில் பச்சை வயலையும் பாட்டியையும் காட்டி முடிக்கும் படங்கள் இந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? கிராமத்தைக் கொண்டாடியவர்களை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் கடுமையாக மறுத்துப் பேசினார். நம் மக்கள் நகரத்துக்கு ஓடியது பிழைப்புக்காக மட்டும் அல்ல. மாடிப்படிக்குக் கீழே ஒரு முரண் இருக்கிறதென்றால், பேப்பர் கப்பில் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் அத்தையின் குரலிலேயே படத்தில் இருக்கின்றன, முகம் இல்லாமல்.

எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். எல்லாம் ஒரு செல்போனில் எடுத்தது, படுக்கைவாட்டில் பிடித்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு. செலவு செய்தது சட்டையில் குத்தும் மைக்குக்கு மட்டும்தான், சில நூறு ரூபாய். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். வீட்டுக்குள் பேட்டி எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், புழுங்கினாலும் சரி. காட்சி முடிந்தது என்று தோன்றிய பிறகும் பத்து நொடி அணைக்காமல் வைத்திருங்கள். அத்தை பேப்பர் கப்பைப் பற்றிச் சொன்னது அந்தப் பத்து நொடியில்தான்.

படம் ஏழு நிமிடம் சொச்சம் வந்திருக்கிறது. அத்தை பார்த்துவிட்டு ஒரே ஒரு இடத்தை வெட்டச் சொன்னார், பின்னணியில் பக்கத்து வீட்டுப் பெண் தலைசீவிக்கொண்டிருந்த இடம். அவரிடம் கேட்கவில்லையே என்றார். வெட்டியாகிவிட்டது. ஏப்ரல் 14 அன்று காலனிச் சுவரில் வெள்ளையடித்துத் திரையிடலாம் என்று இருந்தோம். அன்று அரசு விடுமுறை, அத்தைக்கு ஷிப்ட் உண்டு. எனவே அதற்கு அடுத்து வரும் ஞாயிறு, இரவு ஏழரை மணிக்கு வைத்திருக்கிறோம்.