மொய்ப் பணமும் பெயர்ப் பலகையும்

கீரமங்கலத்துத் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையிலே ஒரு கட்டுக் காகிதம். நாற்பது பக்கம், அத்தனையும் ஆங்கிலம்!

"அண்ணே, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஆடியிலே விருந்து வைக்கிறேன். வர்ற மொய்யை இதிலேதான் போடப் போறேன்" என்றார்.

பெயர் பெற்ற ஒரு தேநீர்க் கம்பெனியின் கடையைப் பேருந்து நிலையத்தருகே நடத்தும் உரிமை! பிரான்சைஸ் என்கிறார்கள். பலகை அவர்களுடையது, பணம் தோழருடையது. வண்ணம் அவர்கள் சொல்வது. வாடகை தோழர் கொடுப்பது. இலாபம் வந்தால் பங்கு உண்டு. நட்டம் வந்தால் பந்தம் இல்லை!

வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்திலே ஆடி பிறந்தால் மொய் விருந்து. ஆட்டுக்கறிச் சோறு ஒரு பக்கம், மொய் எழுதும் மேசை ஒரு பக்கம். வங்கிப் படியேறி வெறுங்கையோடு திரும்பிய உழவனுக்கு முதல் திரட்டித் தந்த முறை அது. ஆனால் அன்பளிப்பு அன்று, கடன்! போட்டவர் வீட்டு விருந்திலே, வாங்கியதற்கு மேல் கூட்டி வைத்துத் திருப்பியாக வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்துக் கிடையாது. திருப்பாதவன் தெருவிலே தலைநிமிர முடியாது, அவ்வளவுதான். 2018 நவம்பர் 16-இல் வந்த கஜா புயல் தென்னையை மட்டுமா சாய்த்தது? தென்னையை நம்பி வாங்கியிருந்த மொய்க் கணக்கையும் அல்லவா சேர்த்துச் சாய்த்தது!

அப்படிப்பட்ட பணத்தை எங்கே போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? பார்த்தோம். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தோம்.

கட்டணம், அலங்காரம், எந்திரம் எல்லாம் சேர்த்து 12 இலட்சம். உரிமைக் கட்டணம் திரும்பாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தம் 5 ஆண்டு. நாளைக்கு 5,000 ரூபாய் விற்பதாக வைத்துக்கொள்வோம், மாதம் 1,50,000. சரக்கைக் கம்பெனியிடமே வாங்க வேண்டும். விற்பனையில் 60 பங்கு அதற்கே போகும் என்றால் 90,000. ராயல்டி நூற்றுக்கு 6 வீதம் 9,000. விளம்பரத்துக்கு 2 வீதம் 3,000. வாடகை 12,000, இரண்டு ஆட்களுக்கு 24,000, மின்சாரம் முதலியன 6,000. மிச்சம்? ஆறாயிரம்! 12 இலட்சத்தை மீட்க 200 மாதம் வேண்டும். ஒப்பந்தமோ 60 மாதம்!

இன்னும் கேளுங்கள். விற்பனை நாளைக்கு 4,000 ஆகக் குறைந்தால் தோழருக்கு மாதம் 3,600 நட்டம். கம்பெனிக்கு? அப்போதும் 9,600 போய்க்கொண்டிருக்கும், சரக்கிலே எடுக்கும் இலாபம் தனி. ஏனென்றால், ராயல்டி இலாபத்தின் மீது அன்று, விற்பனையின் மீது. நாற்பது பக்கத்திலே இதைச் சொல்வது ஒரே ஒரு வரி!

வழக்கென்று போனால் கம்பெனி இருக்கும் ஊரிலே நடுவர் முன் நிற்க வேண்டுமாம். டில்லியிலே மெக்டொனால்ட்ஸ் கம்பெனியின் கூட்டாளியாக இருந்த விக்ரம் பக்ஷி சாதாரண மனிதரா? 2013-இல் தகராறு தொடங்கிற்று, 2017-இல் 169 கடைகளின் உரிமத்தைக் கம்பெனி ரத்துச் செய்தது, 2019-இல்தான் சமரசம். ஆறாண்டு வழக்காட அவருக்கு வசதி இருந்தது. கீரமங்கலத்துத் தோழருக்கு?

சட்டம் காக்காதா என்பீர்கள். இந்தத் தொழிலுக்கென்று தனிச் சட்டமே இந்தியாவில் இல்லை. வெள்ளைக்காரன் 1872-இல் போட்ட ஒப்பந்தச் சட்டம் முதலான பொதுச் சட்டங்கள்தாம். முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவிலேயே 1979 முதல் விதி உண்டு: எத்தனை கடை மூடிற்று, என்னென்ன வழக்கு, விலகியவர்கள் யார் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்; இன்று அதற்குக் கெடு 14 நாள். நம்மூர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போன மலேசியாவிலே 1998-இல் சட்டம் வந்தது. கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறி விலக, குறைந்தது 7 வேலைநாள் தவணை உண்டு. இங்கே ஏன் இல்லை? கேட்க வேண்டிய கேள்வி!

பெருந்துறையை நினைவிருக்கிறதா? ஈமு கோழிக் குஞ்சும் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றது சுசி ஈமு பண்ணை. 2012-இல் கவிழ்ந்தது. நடத்தியவருக்குக் கோவைத் தனி நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. அது மோசடி. இதுவோ சட்டப்படியான ஒப்பந்தம். இதிலே பணம் போனால் சிறைக்குப் போக ஆளே இல்லை! பிரான்சைஸ் எல்லாமே பொல்லாதது என்று நாம் சொல்லவில்லை. நல்ல சரக்கு, நல்ல இடம், சொந்தப் பணம் என்று மூன்றும் கூடிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தோழர் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார். "மூடின கடை எத்தனை? நடத்தினவங்க முகவரி தருவீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் வெளியே சொல்றதில்லை சார். இந்த வாரம் முன்பணம் கட்டலைன்னா இடம் வேற ஆளுக்குப் போயிரும்" என்று பதில் வந்தது.

விருந்து நடக்கிறது, ஆட்டுக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. கடைக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. அதே பலகை தொங்கும் கடைகளிலே காலை முதல் இரவு வரை உட்கார்ந்து, எத்தனை கிளாஸ் போகிறதென்று எண்ணிவிட்டு வருகிறேன் என்று தோழர் கிளம்பியிருக்கிறார். நாம் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறோம்.